மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் என் மகள் எப்போது படிப்பாள்?

கல்முனைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறோம்.

மகளுக்கு 14 வயது, தரம் 9. ஐந்து வருடமாகக் கராத்தே பழகுகிறாள், இப்போது பிரவுண் பெல்ட், கறுப்புக்கு முந்திய நிலை. கிழமைக்கு இரண்டு நாள், பின்னேரம் 4 மணி முதல் 5.30 வரை, ஊர்ப் பொது மண்டபத்தில் வகுப்பு. முப்பது பிள்ளைகளுக்கு ஒரே மாஸ்டர். வருடத் தொடக்கத்திலிருந்து, புதிதாகச் சேர்ந்த வெள்ளை பெல்ட் பிள்ளைகளை அவர் மகளிடம் விட்டுவிடுகிறார். சில நாட்களில் வகுப்பு முழுவதும் அப்படியே போய்விடுகிறது. “காசு கட்டுவது நான், படிப்பது ஊரார் பிள்ளைகள்” என்கிறார் தாய்.

இரண்டாவது மனக்குறை குழுக் காட்டா, அதாவது மூவர் சேர்ந்து ஒரே நேரத்தில் செய்து காட்டும் கராத்தே அசைவு வரிசை. மகளோடு இன்னும் இரண்டு பெண் பிள்ளைகள். மூன்றாவதாகச் சேர்ந்தவள் பக்கத்து முஸ்லிம் ஊரைச் சேர்ந்தவள். போட்டியில் அந்தப் பிள்ளை ஓரிடத்தில் தவறான பக்கம் திரும்ப, முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். அன்றிலிருந்து மூவரும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. “நம்ம பிள்ளைகளையே போட்டிருக்கலாம்” என்பது தாயின் எண்ணம். பிறகு, பத்து நாட்களுக்கு முன் சோடிப் பயிற்சியில் அதே பிள்ளையின் உதை மகளின் முகத்தில் பட்டு மூக்கால் இரத்தம் வந்தது. போட்டிக் கோபத்தில் வேண்டுமென்றே அடித்ததாகத் தாய் நம்புகிறார்.

வகுப்பை நிறுத்திவிட்டு, போனில் வீடியோ பார்த்துத் தனியாகப் பழகவிடலாமா? கட்டிய காசைத் திருப்பிக் கேட்கலாமா? பிள்ளையைக் கொண்டு வகுப்பு நடத்துவது சட்டப்படி சரியா? எட்டு வயது மகனையும் அதே வகுப்பில் சேர்த்து அக்காவின் பொறுப்பில் விடலாமா? இவை அவருடைய கேள்விகள். கடிதத்தின் அடியில் ஒரு வரி: “அன்று இரவு தலையிடி என்றாள், ஒருமுறை சத்தி எடுத்தாள், பனடோல் கொடுத்தேன். இப்பவும் இரவில் படிக்கும்போது தலை இடிக்குது என்கிறாள், ஆனால் மூக்கு உடையவில்லை.”

உளவளத்துணையாளரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாக எழுதிய வரியை முதலில் எடுக்கிறேன். மூக்கு உடையாதது நல்ல செய்திதான். ஆனால் முகத்தில் அடிபட்ட பிள்ளைக்கு அன்றிரவே தலையிடியும் சத்தியும் வந்து, பத்து நாள் கழிந்தும் வாசிக்கும்போது தலை இடிக்கிறது என்றால், பார்க்க வேண்டியது மூக்கை அல்ல. மூளை அதிர்ந்திருக்கக்கூடும். அதற்குத் தலையில் நேரடியாக அடிபட வேண்டும் என்றில்லை, மயங்கி விழவும் வேண்டியதில்லை. முகத்தில் பட்ட உதை தலையைச் சட்டென்று திருப்பினாலே போதும்.

நாளைக்கே மகளை ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அடிபட்ட திகதி, சத்தி எடுத்த நேரம், தலையிடி எப்போது கூடுகிறது, நித்திரை எப்படி, வகுப்பில் கவனம் நிற்கிறதா, வெளிச்சமும் சத்தமும் எரிச்சலைத் தருகிறதா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் வைத்தியருக்கு உதவியாக இருக்கும். தலையிடி விடாமல் கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்பச் சத்தி, வலிப்பு, பேச்சுத் தடுமாறல், கை கால் விறைப்பு அல்லது பலவீனம், இரட்டையாகத் தெரிவது, எழுப்ப முடியாத தூக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. இரத்தம் தெரிந்தால் எல்லாரும் பயப்படுகிறோம், தலையிடி என்றால் பனடோலோடு விட்டுவிடுகிறோம். இனி ஒருபோது இப்படி நடந்தால் அன்றிரவே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வைத்தியர் பார்த்துச் சொல்லும் வரை சோடிப் பயிற்சி வேண்டாம், ஓட்டமும் குதிப்பும் வேண்டாம். மெதுவாக நடக்கலாம், பாடசாலைக்குப் போகலாம். தலையிடி கூடினால் இருபது நிமிடம் படித்து ஓய்வெடுத்துத் திரும்பப் படிக்கலாம். வகுப்புக்குத் திரும்புவதும் படிப்படியாகத்தான்: முதலில் நடை, பிறகு மூச்சு வாங்கும் அளவுக்கு லேசான அப்பியாசம், பிறகு தனியாகக் காட்டா, பிறகு ஒருவரையொருவர் தொடாத பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு முழுநாள். தலையிடி கூடினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். எதிரே ஒருவர் நின்று குத்தவும் உதைக்கவும் செய்யும் பயிற்சி, வைத்தியர் சரி என்று சொன்ன பிறகே. பிள்ளைகளுக்கு இது முழுதாகத் தெளிய நான்கு கிழமை வரை எடுக்கலாம். முழுதாக ஆறாத தலையில் இன்னொரு அடி விழுவதுதான் உண்மையான ஆபத்து. இந்த விபரத்தை மாஸ்டரிடம் வாயால் சொன்னால் போதாது, ஒரு கடிதமாகவே கொடுங்கள்.

இனி நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன்.

வெள்ளை பெல்ட்டுக்குக் காட்டிக்கொடுப்பது நேர விரயமா?

இல்லை. ஆனால் உங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. இரண்டும் எப்படிச் சரியாகும் என்று சொல்கிறேன்.

கெடான் பராய் என்னும் கீழ்த் தடுப்பை உங்கள் மகள் ஆயிரக்கணக்கான தடவை செய்திருப்பாள். ஒரு ஏழு வயதுப் பிள்ளை, “அக்கா, கை எங்கேயிருந்து வரவேணும்?” என்று கேட்கும் வரை, தன் கை எதிர்ப்பக்கக் காதடியிலிருந்து புறப்படுகிறதா, நெஞ்சிலிருந்து புறப்படுகிறதா என்று அவள் யோசித்தே இருக்க மாட்டாள். கேள்வி வந்ததும் தானே செய்து பார்ப்பாள், தன்னுடையது பாதியில் தொடங்குவதைக் காண்பாள். இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று நினைத்துப் படிப்பவர்கள், சோதனைக்கென்று படிப்பவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று கல்வி உளவியலில் செய்த பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. நம் பக்கத்துக் கூத்துக் களரியிலும் இதுதான் முறை: அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, ஆடிப் பழகியவர் புதியவருக்குப் பக்கத்தில் நின்று தாளக்கட்டைப் பிடித்துக்கொடுப்பார். அதனால் பழையவருடைய ஆட்டம் கெட்டதில்லை.

கெடுவது எப்போது என்றால், இது எல்லை தாண்டும்போது. 90 நிமிட வகுப்பில் பழைய மாணவர் சொல்லிக்கொடுக்கும் நேரம் 15 முதல் 20 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. ஒருவருக்கு மூன்று நான்கு பிள்ளைகள்தான். பத்துப் பிள்ளைகளைக் கொடுத்தால் அவள் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டுக் கத்தத் தொடங்குவாள். மிச்ச நேரம் அவள் தன் தரத்துப் பயிற்சியில் நிற்க வேண்டும், மாஸ்டரின் கண் அவள் மீது படவேண்டும். இப்போது உங்கள் மகளுக்கு நடப்பது இந்த எல்லையைத் தாண்டிவிட்டது. ஆகவே மாஸ்டரிடம் “என் பிள்ளை சொல்லிக்கொடுக்க மாட்டாள்” என்று சொல்லாதீர்கள். “ஒரு வகுப்பில் இருபது நிமிடம், நான்கு பிள்ளைகள், நீங்கள் மண்டபத்தில் நிற்க வேண்டும்” என்று கேளுங்கள். ஒழுங்காக வகுப்பு நடத்தும் எவரும் இதை மறுக்க மாட்டார்.

அந்த இருபது நிமிடமும் எப்படிப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதை மகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முதல் தடவை கதைக்காமல் முழு வேகத்தில் செய்து காட்ட வேண்டும். இரண்டாம் தடவை மெதுவாக, எண்ணிக்கையோடு. மூன்றாம் தடவை பிள்ளைகள் செய்ய, அவள் சுற்றி வந்து பார்க்க வேண்டும். சின்னவர்களை நோக்கி நின்று காட்டினால் வலது இடது மாறிப்போகும், பாதிப் பேர் எதிர்க்கை நீட்டுவார்கள். ஆகவே முதுகைக் காட்டி நின்று செய்ய வேண்டும், அல்லது எதிரே நின்றால் கண்ணாடியில் தெரிவதுபோல் தான் மறுபக்கத்தில் தொடங்க வேண்டும். திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒன்று மட்டும், அதுவும் நிலத்திலிருந்து மேலே: முதலில் பாதம், பிறகு முழங்கால், இடுப்பு, கடைசியாகக் கை. கையைத் திருத்தினால் கெதியாக அழகு வரும். ஆனால் பாதம் பிழையென்றால் அந்தக் கை அடுத்த கிழமை திரும்பவும் பிழைக்கும். முன்னே ஒரு காலை மடித்து நிற்கும் சென்குட்சு டாச்சியில் புதியவர்கள் எல்லாருமே இரண்டு பாதங்களையும் ஒரே கோட்டில் வைப்பார்கள். இரண்டுக்கும் இடையில் தோள் அகலம் இருக்க வேண்டும் என்று சொல்வதைவிட, “உன் இடுப்பில் லேசாகத் தள்ளட்டா?” என்று கேட்டுத் தள்ளிப் பார்த்தால் பிள்ளைக்குத் தானே விளங்கும். கேட்காமல் யாருடைய உடம்பையும் தொடக்கூடாது. சின்னப் பிள்ளை என்றாலும் கேட்க வேண்டும்.

புதியவர்கள் பழகும் ஹெயான் ஷோடான் காட்டாவில் 21 அசைவுகள். முழுவதையும் ஒரே நாளில் ஓடவிட்டால் பிள்ளைகள் முன்னால் நிற்பவரைப் பார்த்துக் கும்பலாகத் திரும்பப் பழகுவார்கள். தனியே விட்டால் ஆறாவது அசைவில் நின்றுவிடுவார்கள். முதல் கத்தல் வரும் 9 வரை ஒரு துண்டு, இரண்டாவது கத்தல் வரும் 17 வரை ஒரு துண்டு, கடைசி நான்கு அசைவுகளும் நிலை மாறுவதால் தனித் துண்டு. முதல் துண்டை ஒரு பிள்ளையும் இரண்டாவதை இன்னொரு பிள்ளையும் பிழையில்லாமல் பழகி, பிறகு ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுக்கச் சொல்லலாம். மகளின் தொண்டை மிஞ்சும், பிள்ளைகளுக்கும் அது தங்கள் சொத்தாகும்.

ஒரு விடயத்தில் இடம் கொடுக்க வேண்டாம். பிழை விட்ட சின்னவர்களுக்குத் தண்டால் போடச் சொல்வது, வெயிலில் நிறுத்துவது, தட்டுவது போன்றவற்றுக்கு 14 வயதுப் பிள்ளையின் கையில் அதிகாரம் இருக்கக்கூடாது. அப்படி ஒரு வழக்கம் அந்த வகுப்பில் இருந்தால் அது மகளையும் கெடுக்கும்.

அந்த உதை வேண்டுமென்றே விழுந்ததா?

நான் அங்கே நிற்கவில்லை, அந்தப் பிள்ளையின் மனத்தையும் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதிய விவரங்களுக்குள்ளேயே வேறு விளக்கம் இருக்கிறது. வகுப்பு முடியக் கொஞ்ச நேரம் இருந்தது, மகள் குத்துவதற்காக முன்னே பாய்ந்தாள், அதே நேரத்தில் மற்றவள் சுற்று உதையைத் தூக்கினாள் என்கிறீர்கள். மவாஷி கெரி என்னும் அந்த உதை இடுப்புத் திரும்பியதும் பாதியில் நிறுத்தக் கடினமானது. உதைப்பவர் தூரத்தைக் கணிப்பது எதிரில் நிற்பவர் அதே இடத்தில் நிற்பார் என்று எண்ணி. எதிரில் நிற்பவர் ஒரு அடி உள்ளே வந்துவிட்டால், காற்றில் போக வேண்டிய உதை முகத்தில் விழும். களைத்த பிள்ளைகளின் கண் தூரத்தைப் பிழையாகக் கணிக்கும். சோடிப் பயிற்சிகளில் காயம் வருவதற்கு வன்மத்தைவிட இவைதான் அடிக்கடி காரணம்: களைப்பு, உயர வித்தியாசம், இருவரும் ஒரே நேரத்தில் தாக்குவது, எந்த வேகம் என்று முன்கூட்டி ஒத்துக்கொள்ளாதது.

ஆகவே “ஏன் அடித்தாய்?” என்ற கேள்வியைவிட, மாஸ்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி “சோடிப் பயிற்சி என்ன ஒழுங்கில் நடக்கிறது?” என்பதே. ஒழுங்கான வகுப்பில் படிமுறை இருக்கும். முதலில் கோஹொன் குமிதே: ஒருவர் ஐந்து தடவை அடியெடுத்து வைத்து முன்னேறித் தாக்க, மற்றவர் பின்வாங்கித் தடுத்து, ஐந்தாவதில் மட்டும் திருப்பித் தாக்குவார். எங்கே தாக்கப் போகிறேன் என்று முதலே சொல்லப்படும். பிறகு மூன்று அடி, பிறகு ஒரு அடி. இருவரும் விரும்பியபடி அசையும் சுதந்திரச் சண்டை இவற்றின் பிறகே. தொடங்குமுன் தாக்குபவர் கையை நீட்டி, முட்டி மற்றவரின் உடுப்பைத் தொடும் தூரத்தை அளந்துகொள்ள வேண்டும். தலைக்கு வரும் உதை ஒரு சாண் இடைவெளியில் நிற்க வேண்டும், அப்படி நிறுத்த முடியாதவர் மார்புக்கு மேல் உதைக்கக்கூடாது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சோடி மாற வேண்டும். எப்போதும் ஒரே ஆளோடு பழகினால் அவருடைய பழக்கத்துக்குத்தான் உடம்பு பழகும். சுதந்திரச் சண்டையை வகுப்பின் கடைசியில், எல்லாரும் களைத்த நேரத்தில் வைக்கக்கூடாது. நிறை, உயரம் நெருங்கியவர்களைச் சேர்க்க வேண்டும், பெல்ட் நிறம் ஒன்றாக இருப்பது போதாது. பற்காப்பும் கையுறையும் கட்டாயம்.

இதில் பெற்றோர் பலர் தவறாக விளங்கிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. தாக்குகிறவர் இரக்கப்பட்டு, மற்றவரின் தோளுக்கு வெளியே குத்தினால் அது உதவி அல்ல. குத்து வராத இடத்தில் தடுக்கப் பழகிய பிள்ளை, உண்மையில் வரும்போது தடுக்காது. குத்து சரியான இலக்குக்கே வர வேண்டும், தடுக்கக்கூடிய வேகத்தில் வர வேண்டும், தடுக்காவிட்டால் நிற்க வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகச் செய்யத் தெரிந்த சோடிதான் நல்ல சோடி. ஜூடோவில் ஒருவர் விழக் கற்றுக்கொண்டு தன் உடம்பைக் கொடுத்தால்தான் மற்றவர் எறியப் பழகலாம். 1882 இல் கொடோகான் என்னும் ஜூடோப் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, இருவரும் சேர்ந்து பயன்பெறுவதையே ஜூடோவின் அடிப்படைகளில் ஒன்றாக வைத்தார். வீடியோ பார்த்துத் தனியே பழகலாம் என்று நீங்கள் எண்ணுவதற்கு என் பதிலும் இதில் இருக்கிறது. காட்டாவின் வரிசை, உடம்பை வளைக்கும் அப்பியாசம், நிலை ஆகியவற்றை வீட்டில் பழகலாம். பழக வேண்டும். ஆனால் தூரமும் நேரமும் எதிரே ஓர் ஆள் இல்லாமல் யாருக்கும் வந்ததில்லை. வேறு மாஸ்டரிடம் தனி வகுப்பு என்றாலும் அவர் பெரியவர், மகளின் உயரமோ நிறையோ அல்ல. அவள் நிற்க வேண்டியது தன் அளவுள்ள ஐந்தாறு பிள்ளைகளின் முன்னால்.

சின்ன விடயங்களையும் கவனியுங்கள். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். காது நகை, வளையல், கொலுசு கழற்ற வேண்டும். கோயிலில் கட்டிய காப்பு நூலைக் கழற்ற மனமில்லையென்றால் மணிக்கட்டுப் பட்டியால் மூடலாம். தலை மறைக்கும் பிள்ளைகள் ஊசி குத்தாத, இழுபடும் துணியிலான விளையாட்டுத் தலைமறைப்பு அணியலாம். ஊசி இருவருக்கும் ஆபத்து. மூக்கால் இரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்க விடாதீர்கள். முன்னே குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் பொத்திப் பிடிக்க வேண்டும்.

மூன்று பேரின் காட்டா

தோற்ற கதையை நீங்கள் ஒரு பிள்ளையின் பிழையாக எழுதியிருக்கிறீர்கள். குழுக் காட்டாவைத் தெரிந்தவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. ஒருவர் தவறான பக்கம் திரும்புவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒன்று, அந்தப் பிள்ளை காட்டாவைத் தனியே முழுதாகச் செய்யப் பழகாமல், முன்னால் நிற்பவளைப் பார்த்தே பழகியிருப்பாள். திரும்பியதும் முன்னால் யாரும் இல்லை, அந்த இடத்தில் அறுந்துவிடும். மற்றது, பயிற்சியில் யாரோ ஒருவர் எண்ணிக்கை சொல்ல, போட்டியில் அது இல்லாமல் போயிருக்கும். உலக கராத்தே சம்மேளனத்தின் விதிப்படி காலால் நிலத்தை அடித்தோ, உடுப்பைத் தட்டியோ, சத்தமாக மூச்சு விட்டோ ஒருவருக்கொருவர் சைகை கொடுப்பது பிழையாகக் கணிக்கப்படும். கண்ணோரப் பார்வையாலும் பழகிய தாளத்தாலும்தான் சேர வேண்டும். கடைசியாகச் சேர்ந்த பிள்ளைக்கு அந்தத் தாளம் ஊற எவ்வளவு நாள் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

திரும்பத் தொடங்க விரும்பினால் வழி இதுதான். மூவரும் தனித்தனியே, சுவரை நோக்கி, எண்ணிக்கை இல்லாமல் மூன்று தடவை பிழையின்றிச் செய்ய வேண்டும். அதுவரை சேர்ந்து செய்ய வேண்டாம். பிறகு திரும்பும் இடங்களை மட்டும் எடுத்து, அவற்றுக்கு முந்திய ஓர் அசைவும் பிந்திய ஓர் அசைவுமாகப் பழக வேண்டும். வேகமானவள் மற்றவர்களை இழுக்கக்கூடாது, மெதுவானவளின் வேகத்துக்கு இறங்கி வந்து, பிறகு மூவரும் ஒன்றாக ஏற வேண்டும். கட்டையான பிள்ளையின் அடி குறுகலாக இருக்கும், நான்காவது திரும்பலில் மூவரும் நிற்கும் முக்கோணம் கோணிப்போகும். அவளை எட்டி வைக்கச் சொன்னால் நிலை ஆடும். ஆகவே உயரமானவர்கள்தான் தங்கள் அடியைச் சுருக்க வேண்டும். போனை ஒருமுறை முன்னாலும் ஒருமுறை பக்கத்திலும் வைத்துப் படம் பிடியுங்கள். பார்க்கும்போது முதலில் கணுக்கால்களை மட்டும் பாருங்கள், கைகளை அல்ல. கால் ஒன்றாக நின்றால் கை தானாக ஒன்றாக வரும். நடுவில் ஒருவர் பிழைத்தால் மற்ற இருவரும் நிற்காமல் போக வேண்டும், பிழைத்தவர் அடுத்த நிறுத்தத்தில் சேர்ந்துகொள்ள வேண்டும். இதையும் பழக வேண்டும், மாஸ்டர் வேண்டுமென்றே ஒருவரைப் பாதியில் தடுத்துப் பழக்கலாம்.

கதைக்காமல் இருப்பதைத் தீர்க்க, மாஸ்டரின் முன்னால் பதினைந்து நிமிடம் போதும். ஒவ்வொருவரும் தன் ஆட்டத்தில் தான் திருத்த வேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவரின் பிழையை யாரும் சொல்லக்கூடாது. பெற்றோர் அந்த இடத்தில் இருக்க வேண்டாம். நீங்களும் வேண்டாம், அந்தப் பிள்ளையின் தாயும் வேண்டாம்.

“நம்ம பிள்ளைகள்” என்ற சொல்லைப் பற்றியும் நேராகவே கதைக்கிறேன். கல்முனைக் கரையில் ஊர் மாறும்போது சமூகமும் மாறுகிறது. போன தலைமுறை அந்த எல்லைகளில் இழந்தது உங்களுக்குத் தெரியும், அதனால் வரும் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் உங்கள் மகளுக்கு அந்தப் பிள்ளை முதலில் “வேற ஊர் ஆள்” அல்ல, மூன்றாவது இடத்தில் நிற்பவள். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து ஒஸ்டின் நகரில், 1971 இல், கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் புதிதாக ஒரே பாடசாலையில் சேர்ந்து சண்டை வந்தபோது, எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். பாடத்தைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டைக் கொடுத்தார். மற்றவரிடம் இருக்கும் துண்டைக் கேட்டுப் படிக்காமல் யாராலும் பாடத்தை முடிக்க முடியாது. பக்கத்தில் பக்கத்தில் இருத்தியதால் மாறாத மனம், ஒருவருக்கு மற்றவர் தேவைப்பட்டபோது மாறியது. மூன்று பேரின் காட்டா அப்படிப்பட்ட ஓர் அமைப்புத்தான். அடிபட்ட அன்று அந்தப் பிள்ளை மகளிடம் மன்னிப்புக் கேட்டாளா என்று நீங்கள் எழுதவில்லை. மகளிடம் கேட்டுப் பாருங்கள். அவள் சொல்லாமல் வைத்திருக்கும் பதில் உங்கள் சந்தேகத்தை மாற்றக்கூடும்.

உரிமையும் காசும்

16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று 2021 இல் இலங்கைச் சட்டம் திருத்தப்பட்டது. மாஸ்டர் பார்த்திருக்க, பாடத்தின் ஒரு பகுதியாகச் சின்னவர்களுக்குக் காட்டிக்கொடுப்பதை வேலை என்று நான் கொள்ள மாட்டேன். ஆனால் மாஸ்டர் மண்டபத்தில் இல்லாமல், மகள் மட்டும் வகுப்பு நடத்துவது வேறு விடயம். அங்கே ஒரு சின்னப் பிள்ளைக்குக் காயம் வந்தால் பொறுப்பு பெரியவருடையது. உங்கள் மகளின் தலையில் அது விழ விடக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

காசைத் திருப்பிக் கேட்பதால் பெரிய பயன் இல்லை. நடந்த வகுப்புக்குக் கட்டியதை மீட்க எழுத்து ஒப்பந்தம் ஏதும் இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. மகள் ஓய்வில் இருக்கும் கிழமைகளுக்கான காசை அடுத்த மாதத்தில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள், அது நியாயம்.

மாஸ்டரோடு கதைக்கும்போது வகுப்பு முடிந்த நேரத்தில், மற்றப் பெற்றோர் இல்லாத இடத்தில், இந்த மூன்றை மட்டும் கேளுங்கள்: சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கு எல்லை, தலைக்கு வரும் உதைகளுக்கு விதி, அடிபட்ட பிள்ளை வைத்தியர் சொல்லும் வரை வெளியே நிற்பது. முதல் இரண்டிலும் அவர் கொஞ்சம் இழுபறிப்பட்டால் பொறுத்துப் பார்க்கலாம், முப்பது பிள்ளைகளை ஒருவர் சமாளிப்பது சின்ன வேலை அல்ல. மூன்றாவதில் “கராத்தே என்றால் அடி படத்தானே செய்யும்” என்று அவர் சொன்னால், அந்த வகுப்பை விட்டுவிடுங்கள். அப்போதும் தனிமைக்குப் போகாமல், வேறு வகுப்புக்குப் போங்கள். பதிவு செய்த கழகங்கள் பற்றி உங்கள் பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேட்கலாம். பிள்ளைகளை அடிப்பதோ, இழிவாக நடத்துவதோ தெரிந்தால் சிறுவர் உதவிக்கு 1929 என்ற இலக்கம் இருக்கிறது, தமிழிலும் கதைக்கலாம்.

சின்ன மகனைப் பற்றி: எட்டு வயது நல்ல வயதுதான், சேருங்கள். ஆனால் அக்காவின் குழுவில் போட வேண்டாம் என்று முதல் நாளே மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டுச் சண்டை வகுப்புக்கு வரும், வகுப்புத் திருத்தம் வீட்டுக்குப் போகும். மற்றப் பிள்ளைகளுக்கும் அக்கா தம்பிக்குச் சார்பு என்று தோன்றும். அவனை வேறு பழைய மாணவர் ஒருவர் பார்க்கட்டும். வீட்டில் அவன் தானாகக் கேட்டால் மட்டும் மகள் காட்டிக்கொடுக்கலாம், அதுவும் தலையிடி முழுதாக விட்ட பிறகு.